மெரினுக்கு வாங்கிய விளையாட்டுகள்

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்த மனுசனை எழுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? ஆனாலும் அன்றைக்குப் புஷ்பமேரி புருஷனைத் தோளில் தட்டி எழுப்பினாள்.

"என்னாங்க, மெரின் ஸ்கூல்லேருந்து போன் வந்துது. சிஸ்டர் உடனே வரச் சொல்றாங்க."

ஜோசப் ஆனந்த் கண்ணைத் திறக்கவில்லை. "நீ போய்ட்டு வந்துடேன்."

"நான் கடைக்குப் போவாணாமா? தீபாவளி யாவாரம். இன்னிக்கு லீவு கேட்டா நாளைக்கும் வராதன்னுடுவாங்க."

நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை அவளுக்கு. காலையில் நின்றால் ராத்திரி கடை சாத்தும்வரை நின்றபடிதான். அவனுக்குச் சேதராப்பட்டில், மருந்து பாட்டில் செய்யும் கம்பெனியில் வேலை. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் வரிசையாக நகர்ந்துவரும் பாட்டில்களில் குமிழி, கீறல், கோணல் உள்ளதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். பாரம் தூக்குகிற வேலை இல்லை, கண்தான் தேயும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் இமைக்குள் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போய்க்கொண்டிருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, முகம் கழுவி, கருவடிக்குப்பம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளை மிதித்தான்.

சிஸ்டர் கோபமாக இல்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"மெரின் மேல தப்பு ஒண்ணும் இல்ல சார். ஆனா கிளாஸ்ல வெச்சிக்க முடியல. மிஸ் போர்டுல கணக்க எழுதி முடிக்கிறதுக்குள்ள இவ விடைய சொல்லிடறா. அப்புறம் சும்மா இருக்காம மத்த புள்ளைங்க நோட்டெல்லாம் வாங்கித் திருத்தறா. நேத்து மிஸ் நோட்டையும் திருத்திட்டா."

"கண்டிக்கிறேன் சிஸ்டர்."

"கண்டிக்காதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

மெரின் அப்போது மூன்றாம் வகுப்பு. டாக்டரம்மா அவளைத் தனியே உட்காரவைத்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னார், படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். வெளியே பெஞ்சில் ஜோசப் ஆனந்த் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, குழந்தைக்கு வயசுக்கு மீறின அறிவு என்று டாக்டரம்மா சொன்னபோது, சந்தோஷப்பட வேண்டும் என்பதே அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது.

"மூளைக்கு வேலை குடுக்கலைன்னா அதுவா வேலை தேடிக்கும். கம்ப்யூட்டர்ல யோசிக்க வைக்கிற கேம்ஸ் நெறய வந்திருக்கு. அதெல்லாம் நல்லது. சுடறது, வெட்டறது வேணாம். எதுவா இருந்தாலும் மொதல்ல நீங்க ஆடிப் பாருங்க. அப்புறம் குழந்தைகிட்ட குடுங்க."

கடைசியில் சொன்ன அந்த ஒரு பேச்சுதான் அவன் தலையில் ஏறி உட்கார்ந்தது.

புஷ்பமேரி அன்று ராத்திரி அழுதாள். பெருமையில்தான். கடையில் நாளெல்லாம் யாரோ உடுத்தப்போகும் பட்டை விரித்துக் காட்டி மடித்துவைக்கிறவளுக்கு, என்னுடையது என்று காட்ட இப்போது ஒன்று கிடைத்திருந்தது. முத்தியால்பேட்டையில் மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதை வைக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். அன்றிலிருந்து குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோசப் ஆனந்த் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனான். சட்டைக் குவியலுக்கும் செருப்புக் குவியலுக்கும் நடுவில் வடிவேல் என்பவன் தார்ப்பாய் விரித்து சி.டி. விற்றுக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும் சார்? கார் ரேசா, சண்டையா, கிரிக்கெட்டா?"

"யோசிக்கிற மாதிரி ஏதாவது."

"யாரு யோசிக்கிறதுக்கு?"

"எம்பொண்ணு. எட்டு வயசு."

வடிவேல் தலையைச் சொறிந்தான். "அத யாரும் கேக்கறதில்ல சார். அடியில கெடக்கும். நீங்களே தேடிக்குங்க."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினான். வெயில் பிடரியில் அடித்தது. அட்டையில் மூளைப் படம் போட்டிருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டான். வேறு என்ன அடையாளம் இருக்கிறது அவனுக்கு?

வாரக்கணக்கில் இது நடந்தது. வேலையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, படுக்கைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். முயல் ஒன்று வந்து கூட்டல் கேட்கும் விளையாட்டு. சரியாகச் சொன்னால் கைதட்டல். அதைக் கொடுத்தபோது மெரின், பால் பொங்குவதற்குள் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டு, "இது என்னைப் பாப்பான்னு நெனச்சிக்கிச்சிப்பா" என்று மூஞ்சியைத் தூக்கினாள். கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி அதனதன் இடத்தில் சேர்க்கிற விளையாட்டு அவளுக்குப் பிடித்தது. ஒரு பெட்டியைத் தப்பாகச் சுவரோரம் தள்ளிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது; ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், அவசரப்படுத்த ஆள் கிடையாது. தண்ணீர் வருவதற்குள் குழாய்களை இணைக்கிற விளையாட்டில் மேலே கடிகாரம் ஓடும். அதை ஆடும்போது மட்டும் அவள் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் அதைப் பார்த்தான். பார்த்ததை யோசிக்கத்தான் அவனிடம் தெம்பில்லை.

ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்று வந்தது. ரோடு போட்டு, வீடு கட்டி, தண்ணீரும் கரண்டும் கொடுத்து ஜனங்களைக் குடிவைக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அதைச் சோதித்துக்கொண்டிருந்தவன் விசைப்பலகை மேலேயே கவிழ்ந்து தூங்கிவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மெரின் அவன் முழங்கையை மெதுவாகத் தூக்கினாள்.

"அப்பா, உங்க ஊர்ல தண்ணியே இல்ல. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க."

"போவட்டும்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "எங்கயாவது போய் நல்லா இருக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டு, அவனை நகர்த்தி உட்காரவைத்து, சாயங்காலத்துக்குள் அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கஷ்டமானதாக, அதைவிடக் கஷ்டமானதாக என்று தேடிப்போவதே வழக்கமாயிற்று. அவள் முடிக்க முடிக்க, அடுத்தது என்ன என்று புஷ்பமேரி கேட்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மெரினைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள். "ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க. என்ன கெழமைன்னு சொல்லும் பாருங்க." மெரின் சொல்வாள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். சொல்லிவிட்டுக் குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கும்.

அடுத்த ஆகஸ்ட்டில் புஷ்பமேரியின் அண்ணன் அலெக்சாண்டர் பிரான்சிலிருந்து வந்தார். வருஷா வருஷம் பதினைந்தாம் தேதி சம்பா கோவில் மாதா தேருக்கு வந்துவிடுகிறவர். இந்தத் தடவை தங்கச்சி மகளுக்கென்று கையடக்கமான ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தார். இரண்டு சின்னத் திரை, புத்தகம் மாதிரி திறக்கும். குச்சியால் தொட்டு விடை எழுத வேண்டும்.

"அலோர்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார் அலெக்சாண்டர். "மாப்ள, இது மூளைக்கு என்ன வயசுன்னு சொல்லும். அங்க கெழவன் கெழவியெல்லாம் ரயில்ல இதத்தான் வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க. தினம் ஒரு தடவ ஆடணும். வயசு கொறஞ்சிகிட்டே வரும். இருபது வந்துட்டா அதுதான் முதல் தரம். மொதல்ல நீ வா."

ஜோசப் ஆனந்த் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். எண்கள் வந்தன, போயின. சின்னது எது பெரியது எது என்று கண் பிரிப்பதற்குள் அடுத்தது வந்தது. கடைசியில் பெட்டி யோசித்து, எண்பது என்று காட்டியது.

வீடே சிரித்தது. அலெக்சாண்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். புஷ்பமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான், எண்பது வயதுக்காரனுக்கு உள்ள அலுப்பு அவனுக்கு இருக்கத்தான் இருந்தது. மெரின் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாப்பிடும்போது அவன் காதருகில் வந்து கேட்டாள்:

"அப்பா, அப்டின்னா நீங்க சீக்கிரம் செத்துடுவீங்களா?"

"சீச்சீ. அது வெறும் பொம்மை. நீ சாப்புடு."

மறுநாள் அவள் ஆடினாள். இருபது வந்தது. அலெக்சாண்டர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவரைக்கும் போய்வந்தார். அன்றிலிருந்து வீட்டில் காலையில் கேட்கப்படுகிற முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ?" என்பதாயிற்று. அண்ணன் ஊருக்குத் திரும்பிய பிறகும் கேள்வி மட்டும் தங்கிவிட்டது. புஷ்பமேரி கடைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்பாள். கடையிலிருந்து மத்தியானம் போன் பண்ணிக் கேட்பாள். பெட்டிக்குள் ஒவ்வொரு நாளின் கணக்கும் கோடாக வரைந்து கிடக்கும். இருபது இருபது என்று போகிற கோடு பல நாள் இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று ஏறியது; ஒரு நாள் சளிக்காய்ச்சலில் முப்பத்து நான்குக்கே எகிறிவிட்டது. அந்த மேட்டை அழிக்க முடியாது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை. ஷிப்ட் முடிந்து வந்த ஜோசப் ஆனந்த் வாசலில் நின்று நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மெரின் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தலை பின்னிவிடக் காத்திருந்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழுந்தது. ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் வைத்து ஓட்டை உடைசல் பார்த்த கண் அவனுடையது. வீட்டுக்கு வந்தும் உடனே அணையாது. இடது புருவத்தின் நடுவில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது.

"புஷ்பா, இவ புருவத்துல என்னாது?"

"அதா? படர்தாமரையா இருக்கும்னு தேங்காண்ணெ போடறேன். ஒரு மாசமா இருக்கு."

ஒரு மாசம். அவன் குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டான். தோலில் சிவப்பு இல்லை, செதில் இல்லை. முடி வேரோடு போயிருந்தது. புஷ்பமேரி கிளம்பிப் போகும்வரை காத்திருந்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"மெரினு, நீயா பிடுங்கனியா?"

அவள் கணக்குக்கு வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"இருபது வரலைன்னா ஒண்ணு பிடுங்குவேன். முப்பதுக்கு மேல போச்சின்னா ரெண்டு. வலிச்சா அடுத்த தடவ மூளை கவனமா இருக்கும்."

"யாரு சொன்னா அப்டி?"

"யாரும் சொல்லல. நானேதான் கண்டுபிடிச்சேன்."

அவனுக்குத் தூக்கமெல்லாம் எங்கோ போயிற்று. அந்தப் பெட்டியை வாங்கி, மூடி, பீரோ மேலே துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளினான். அவளை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டான். அவள் கை புருவத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

ராத்திரி கடையிலிருந்து வந்த புஷ்பமேரி நம்பவில்லை. நம்பியபோது கோபம் வந்தது. கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அவன்மேல் வந்தது.

"டாக்டர் உங்கள ஆடிப் பாத்துக் குடுக்கச் சொன்னாங்க இல்ல? இத்தினி நாளா என்னா பாத்தீங்க?"

"பாத்தேன். தூங்கிட்டேன்."

"மூளை இருக்குது. அதுக்கு வேலை குடுக்காம மேல தூக்கி வெச்சிட்டா? நாளைக்கு அவ என்னாட்டம் நின்னுகினே வேலை பாக்கட்டும்னு சொல்றீங்களா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அன்று அவன் ஷிப்டுக்குப் போகவில்லை; இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். காலையில் அவள் கிளம்பும்போது குழந்தையின் புருவத்தில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். அன்று, "இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்கவில்லை. வாய்வரை வந்ததை அவள் விழுங்கியது அவனுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனான். அவர் விவரம் கேட்டுவிட்டு, மதிப்பெண் போடுகிற எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார். பிறகு கேட்டார்: "அவளுக்கா எது ஆடப் பிடிக்கும்?"

ஜோசப் ஆனந்துக்குத் தெரியவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் குந்தித் தேடியவன், அவளை ஒரு நாளும் கூட அழைத்துப்போனதில்லை.

அந்த ஞாயிறு அழைத்துப்போனான். வடிவேல் பார்த்ததும், "வாங்க சார், இதான் யோசிக்கிற பாப்பாவா?" என்று அடியிலிருந்து இரண்டு மூளைப்பட அட்டைகளை எடுத்து நீட்டினான். மெரின் அவற்றைப் பார்க்கவே இல்லை. மேலே, வெயிலில் வெளுத்துக் கிடந்த ஒரு நீல அட்டையை எடுத்தாள். பெரிய வாயைத் திறந்துகொண்டு ஒரு மீன்; அதற்கு முன்னால் பயந்து ஓடும் சின்ன மீன்கள்.

"அது சின்னப் புள்ளைங்க ஆடறது பாப்பா" என்றான் வடிவேல். "மீனு மீனத் தின்னும். அவ்ளோதான்."

அவள் அட்டையைக் கீழே வைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல மூளை வளராதுப்பா. பரவால்லயா?"

சுற்றிலும் கூவி விற்கிற சத்தம்.

"பரவால்ல" என்றான். "மீன் வளரட்டும்."

மீன் சின்ன மீனைத் தின்னும்போது ஒரு சத்தம் வரும், சப்புக்கொட்டுவதுபோல. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுத் துர்கா வந்தாள். கொளஞ்சியின் மகள், மெரின் வயசு. தேங்காய்த்திட்டு துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள் கொளஞ்சி. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து துர்கா வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பெட்டி தள்ளுவதும் குழாய் சேர்ப்பதும் அவளுக்கு விளங்கியதில்லை. இது விளங்கியது. உள்ளே வந்து நாற்காலியின் பாதியில் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு மீன்.

முதல் நாளே துர்கா ஜெயித்தாள். மெரின் திட்டம் போட்டு மீனை நகர்த்துவாள். துர்கா கண்டபடி பாய்வாள், அதுவே அந்த விளையாட்டுக்குச் சரியாக இருந்தது. மெரினின் கை புருவத்துக்குப் போயிற்று. பாயில் படுத்திருந்த ஜோசப் ஆனந்த் எழுந்து உட்கார்ந்தான். மெரின் எழுந்து, "நீ வீட்டுக்குப் போ" என்று துர்காவை விரட்டிவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுதாள். அவன் பின்னாலேயே போனான். தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

துர்கா ரோஷக்காரி இல்லை. மறுநாளும் வந்தாள். அன்றும் அழுகை. அதற்கு மறுநாளும் வந்தாள். எப்போது மாறியது என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு விழித்தபோது துர்கா, "உன் மீனு மண்டு மீனுடி, வாயத் தொறந்துகினு வந்து எங்கிட்டயே மாட்டுது" என்று சொல்ல, மெரின் சிரித்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டுச் சிரித்தாள். அவன் கண்ணைத் திறந்ததைக் காட்டிக்கொள்ளாமல், சுவர்ப்பக்கம் திரும்பி, அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகும்போது புருவம் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. மிச்சத்தைப் புஷ்பமேரி மையால் வரைந்துவிட்டாள். அவளுக்கு அந்த இருபது போனதில் வருத்தம் தீரவே இல்லை. சிஸ்டர் மெரினை மேல்வகுப்புக் கணக்குக்கு மட்டும் அனுப்ப ஏற்பாடு செய்தபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தேதி சொல்லிக் கிழமை கேட்கிற பழக்கத்தை அவளாகவே விட்டுவிட்டாள். அடுத்த ஆகஸ்ட்டில் அலெக்சாண்டர் வந்து பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, "அது ரிப்பேருண்ணே" என்று முந்திக்கொண்டு சொன்னவளும் அவள்தான்.

மெரின் சில வருஷம் முதல் இடம் வந்தாள், சில வருஷம் வரவில்லை. பரீட்சைக் காலத்தில் கை புருவத்துக்குப் போகும். சில தடவை ஒன்றிரண்டு முடியும் போகும். அது முழுக்கத் தீர்ந்தது என்று ஜோசப் ஆனந்த் யாரிடமும் சொன்னதில்லை. ஊர் கட்டுகிற விளையாட்டைத் துர்காவுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். துர்கா கட்டிய ஊரில் ரோடே கிடையாது, மார்க்கெட் மட்டும்தான் என்று மெரின் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஜோசப் ஆனந்துக்கு ஷிப்ட் மாறவில்லை. கண்ணாடி மட்டும் தடித்தது. ஒரு நாள் சேதராப்பட்டு கம்பெனி கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த செல்வகுமார் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, எம்பையன் ரொம்ப கெட்டியா இருக்கான்னு ஸ்கூல்ல சொல்றாங்க. மூளைக்கு நல்லதா கேம் வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்ன்றாங்க. எது வாங்கலாம்ணே?"

சொல்ல நிறைய இருந்தது. கடிகாரம் ஓடாததா பார், கைதட்டாததா பார், இன்னொரு பிள்ளையும் கூட உட்காரக்கூடியதா பார் என்றெல்லாம். எட்டு மணி நேரம் வெளிச்சத்தைப் பார்த்த கண் எரிந்தது.

"கடைக்கு அவனையும் கூட்டினு போ" என்றான். "அவன் எத எடுக்கறான்னு பாரு."

"அவன் ஏதாவது கண்டதையும் எடுப்பாண்ணே."

"எடுக்கட்டும்."

செல்வகுமார் இன்னும் ஏதோ கேட்கப்போனான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தது. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தான். வண்டி சேதராப்பட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனான்.